சிக்கனம் சோற்றுத் தட்டிலிருந்து தொடங்கக் கூடாது

(இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான தாய்மாரே, அக்கா தங்கச்சிமாரே, வாசல் பக்கம் நின்றுகொண்டிருக்கும் அண்ணன் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். தம்பிமாரும் உள்ளே வந்து உட்காருங்கள். இது பெண்களுக்கு மட்டுமான பேச்சு இல்லை.

வீட்டுச் செலவைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். குறைவாகச் சாப்பிடுங்கள், ஆசையை அடக்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பழகாத வீடு இந்த மலையில் எது? காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். பகலுக்குக் கட்டிக்கொண்டு போவதும் பல நாள் அதே ரொட்டிதான். 2016ஆம் ஆண்டு நாடு முழுக்கக் குடிசனவியல் சுகாதார ஆய்வு ஒன்று நடந்தது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் நாட்டில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் அது நூற்றுக்கு 32 அளவில் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை.

கையில் காசு தட்டுப்பட்டால் நாம் முதலில் எதைக் குறைக்கிறோம்? முட்டை, பருப்பு, நெத்தலி. அதிலும் அம்மாவின் தட்டில்தான் முதலில் குறையும். சம்பளத்துண்டில் வெட்டுகிற காசு அப்படியே போகும், கிழமைக் கடன் அப்படியே போகும், சாராயமும் பல வீடுகளில் அப்படியே போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். சாப்பாட்டுக் காசை முதலில் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைச் செய்ய, வருகிற காசு எவ்வளவு என்று தெரிய வேண்டும். சம்பளத்துண்டைக் கடைசியாக வரிவரியாகப் படித்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். கீழே இருக்கிற கடைசித் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ், கோயில் காசு, மரணச் சங்கக் காசு என்று எத்தனையோ வெட்டு நடுவில் இருக்கும். எது எதற்கு என்று தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024இல் 1350 ரூபா ஆனது. கணக்குப் பார்க்க அந்த 1350ஐயே வைத்துக்கொள்வோம். 25 பேர் விழுந்தால், அதாவது மாதத்தில் 25 நாள் வேலை நம் பெயரில் பதிவானால், 33,750 ரூபா. உங்கள் பங்காகச் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, அதாவது 2,700 ரூபா போகும். தோட்டம் தன் பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும், அது 4,050 ரூபா. ஆக உங்கள் பெயரில் மாதம் 6,750 ரூபா சேர்கிறது. வெட்டு என்று நாம் நினைக்கிற அந்த வரிதான் நம்மில் பலருக்கு இருக்கிற ஒரே சேமிப்பு. அது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும் வீட்டுக் கணக்கில் ஒரு வேலை.

ஆனால் எல்லா மாதமும் 25 பேர் விழுமா? விழாது. தை, மாசி, பங்குனியில் வெயிலும் பனியும் அடித்துக் கொழுந்து குறையும்போது 18 பேர் விழுந்தாலே பெரிது. 18 பேருக்கு 24,300 ரூபா. சேமலாப நிதி போனால் 22,356. மற்ற வெட்டெல்லாம் அதற்குப் பிறகு. புத்தகங்களில் வருகிற பட்ஜெட்டுகள் நமக்கு உதவாமல் போவது இதனால்தான். அவை மாதாமாதம் ஒரே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எழுதியவை. நாம் 18 பேர் விழும் மாதத்தை வைத்துத்தான் வீட்டுச் செலவைத் தீர்மானிக்க வேண்டும். 25 பேர் விழுந்த மாதத்தில் கூட வருகிறதே, அது அந்த மாதத்துக் காசு இல்லை. கொழுந்து இல்லாத மாதத்துக்கு உரிய காசு, முன்கூட்டியே வந்திருக்கிறது.

அந்தக் காசை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் நிற்காது. பக்கத்தில் வங்கி இல்லையென்றால் தபால் கந்தோருக்குப் போங்கள். இந்த நாட்டில் தபால் சேமிப்பு வங்கி 1885இல் தொடங்கியது. 1972இல் அது தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்தது. இன்றைக்கும் தபால் கந்தோரில் அந்த வங்கியின் சேமிப்புப் புத்தகத்தில் காசு போடலாம். சின்னத் தொகையென்று கூச்சப்பட வேண்டாம்.

இனி கடைக் கொப்பி, கடையில் கடனுக்கு வாங்குவதை எழுதுகிற கொப்பி. உங்கள் வீட்டில் இருப்பதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான பக்கங்களில் திகதியும் தொகையும்தான் இருக்கும். "சாமான் 480", அடுத்த நாள் "சாமான் 350". என்ன சாமான், எத்தனை கிராம், என்ன விலை, ஒன்றும் இருக்காது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மலைத்துப்போகிறோம். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். 2022இல் பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை, மாவும் இல்லை என்று நாடே வரிசையில் நின்றபோது எத்தனை லயத்தில், நம் வரிசை வீடுகளில், அடுப்பு எரிந்தது அந்தக் கொப்பியால்தான். ஆனாலும் பொருளின் பெயர், நிறை, விலை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் எழுதித் தருவார். எழுதின பிறகுதான் ஐம்பது கிராம் மிளகாய்த்தூளை மாதத்தில் எத்தனை தடவை வாங்கினோம், ஷாம்பு பக்கற் எத்தனை கிழித்தோம் என்று தெரியவரும். சின்னப் பக்கற்றில் கிராமுக்குக் கொடுக்கிற விலை பெரும்பாலும் கூடத்தான். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் அந்தக் கூடின விலையைக் கொடுக்கிறார். இந்த அநியாயத்தைத் தனியாக ஒரு வீடு மாற்ற முடியாது. அதற்கு வழி சொல்கிறேன், கடைசியில் வருகிறேன்.

2022ஐப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவு விலை ஓராண்டுக்குள் நூற்றுக்கு 95 வீதம் அளவில் ஏறியிருந்தது. நூறு ரூபாச் சாமான் 195 ரூபா. பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் ஏறுகிற வேகம்தான் குறைந்தது. ஏறின விலையில் பெரும்பகுதி ஏறின இடத்திலேயே நிற்கிறது. அதனால் 2021இல் வீட்டுக்குப் போதுமாக இருந்த தொகையை மனதில் வைத்துக்கொண்டு, "நான் கெட்டிக்காரி இல்லையோ" என்று எந்தத் தங்கச்சியும் தன்னையே நொந்துகொள்ளக் கூடாது.

இப்போது கடன். நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வந்தபோதே கடனோடுதான் வந்தார்கள். வழிச்செலவு, அரிசி, போர்த்தின கம்பளி எல்லாம் அவர்கள் பேரில் கணக்காக ஏறியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் துண்டு, அதாவது கடன் எவ்வளவு என்று எழுதின சீட்டு, வேண்டும். அந்தத் துண்டில் இருக்கிற கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் பழைய தோட்டம் விடும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கு நம்மை யாரும் கடனுக்காகத் தோட்டத்தில் கட்டிவைக்க முடியாது. ஆனால் வீட்டு வாசலுக்கே வந்து தருகிற கிழமைக் கடனில் நாமே போய் விழுகிறோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஐம்பதாயிரம் கடன், வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி, 52 கிழமையில் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000. மொத்தம் 62,000. கிழமைக்கு 1,200 ரூபா அளவில் வரும். 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். ஆறு மாதம் போனால் ஏறக்குறைய பாதிக் காசுதான் நம்மிடம் இருக்கும். வட்டியை மட்டும் வருடம் முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் கட்டுகிறோம். அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி 24 இல்லை, கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். "எல்லாம் சேர்த்து எவ்வளவு கட்ட வேண்டும்?" "குறைந்துவரும் மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா?" பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

தனியாரிடம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்குவது இன்னும் மோசம். பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஆயிரம் வட்டி. வருடம் முடியப் பன்னிரண்டாயிரம் கட்டியிருப்போம். முதல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். அப்படி ஒரு கடன் இருந்தால், காதுத் தோட்டை வங்கியில் அடகு வைத்தாவது அதை முதலில் அடையுங்கள். வங்கி அடகு வட்டி இதற்குக் கிட்டக்கூட வராது.

தீபாவளி அட்வான்ஸ் வேறு. அதற்கு வட்டி இல்லை, அதனால் எடுப்பதில் தப்பில்லை. இருபதாயிரம் எடுத்தால் பத்து மாதத்துக்கு இரண்டாயிரம் வெட்டுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டு எந்த மாதங்களில் விழுகிறது? தையில் பொங்கல், கொப்பி, சப்பாத்து, பை. மாசி பங்குனியில் பேர் குறைவு. எல்லாம் அதற்குள்தான் வருகிறது. அதனால் நான் சொல்வது, அட்வான்ஸ் கையில் வந்த அன்றே ஒரு பங்கைப் பள்ளிக்கூடச் செலவுக்கென்று எடுத்துச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டுவிடுங்கள். பிள்ளைக்குத் தீபாவளிக்குப் புது உடுப்பு எடுக்கத்தான் வேண்டும். அந்தச் சந்தோஷத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர்களுக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் எடுக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டும் கூடின விலைக்கு மாறிவிடும். 1500 வாட் கேத்தலை ஒரு நாளைக்கு 20 நிமிடம் போட்டால் அரை யூனிட், மாதத்துக்கு 15 யூனிட். காலையில் மிலாறு விறகில் அடுப்பு எப்படியும் எரிகிறது. அதிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து ப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் அந்தப் பதினைந்தும் மிச்சம். மாதம் பாதியாகும்போது ஒருதரம் மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் தம்பிமாரே, உங்களிடம் ஒரு வார்த்தை. பெண்கள் பறித்த கொழுந்தின் சம்பளத்தை ஆண்கள் போய் வாங்கிக்கொண்டு வருகிற பழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மழையிலும் அட்டையிலும் நின்று உழைத்தவளின் கையில் அவள் சம்பளம் போய்ச் சேர வேண்டும். சம்பள நாள் சாயந்திரம் சாராயக் கடைக்குப் போகிற காசு எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. அதையும் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு அந்த மாதம் எத்தனை முட்டை வாங்கியிருக்கலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். உங்களை வெட்கப்படுத்த இதைச் சொல்லவில்லை. உடம்பு நோகிற வேலை செய்கிறவர்களின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை உங்களைத்தான் நம்பியிருக்கிறது.

சரி, சின்னப் பக்கற்றுக்கு வழி சொல்கிறேன் என்றேன். இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது 1911இல். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊரவர்களே சேமித்து, ஊரவர்களுக்கே குறைந்த வட்டிக்குக் கொடுக்கிற ஏற்பாடு. அது பெரிய வேலை, பிறகு பேசலாம். இப்போதைக்கு ஒரு லயத்தில் பத்து வீடு சேர்ந்தால் போதும். அரிசி, மா, பருப்பு, சீனி, மிளகாய்த்தூள் ஐந்து சாமானை மட்டும் டவுனில் மொத்த விலைக்கு மூட்டையாக எடுத்து நிறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். சம்பளம் வந்த மறுநாள் காசு சேர்க்க வேண்டும், கடனுக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கணக்கை ஒருவர் எழுதட்டும், காசை வேறொருவர் வைத்திருக்கட்டும். பில்லை எல்லோரும் பார்க்கிற மாதிரி கோயில் சுவரில் ஒட்டிவிடுங்கள். தராசு ஒன்று வேண்டும், அதைச் சங்கக் காசில் வாங்க முடியுமா என்று தலைவி அக்கா இப்போதே சொன்னால் நல்லது. சேர விரும்புகிற வீடுகள் போவதற்கு முன் செயலாளர் தங்கச்சியிடம் பெயரையும் லய இலக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.