அடிவாரம் போதும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மதுரைக்குப் பக்கத்தில் குழந்தைகளோடு நடந்துவிட்டு வர ஒரு நல்ல இடம் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்பவர்கள், கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்பார்கள்: "உச்சிக்கு எத்தனை படி?" படிக்கணக்கு கேட்பவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அடிவாரத்திலும் இடுப்பளவிலும்தான் இருக்கிறது. உச்சியில் வெயிலும் காற்றும், கைபேசியில் படம் எடுக்கும் கூட்டமும் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையை அங்கே இழுத்துக்கொண்டு போவதில் யாருக்கு என்ன லாபம்?

வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே பரங்குன்றம், வடக்கே அழகர்மலை. பாண்டியர் தலைநகரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறை கண்ணில் படும். பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளையும் அவர்களுடைய அப்பா அம்மாக்களையும் சில சமயம் ஆச்சிகளையும் சேர்த்து இந்தக் குன்றுகளுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் கீழக்குயில்குடி. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டி உள்ளே திரும்பினால் சமணமலை. மலைக்குக் கீழே அய்யனார் கோயில், பக்கத்தில் தாமரைக்குளம், நிழலுக்கு ஆலமரங்கள். ஏற முடியாதவர்கள் இந்த நிழலில் உட்கார்ந்தாலே போதும், வந்த வேலை முடிந்துவிடும். தாமரை இலைகளின் மேல் நீண்ட விரல்களை ஊன்றி இலைக்கோழி நடப்பதை ஓர் ஆச்சியால் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும். மற்றவர்கள் மலையின் தென்மேற்குப் பக்கத்தில் இருக்கும் செட்டிப்புடவுக்குப் போகலாம். சிறிய படிக்கட்டு, சிரமம் இல்லை. குகை வாசலில் மகாவீரர் பெரிய உருவமாக அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்மக்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள் என்பது இங்கே வழங்கும் கதை.

பெரியவர்கள் வாசலில் நின்று மகாவீரரைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகளைக் குனிந்து உள்ளே போகச் சொல்லுங்கள். புடவின் உட்புறம் கூரையை ஒட்டி ஐந்து சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று, சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கும் ஒரு பெண்தெய்வம். எதிரே யானை மேல் வாளும் கேடயமுமாக ஒருவன். சமணர்கள் வணங்கும், சாந்தமே உருவான தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சண்டைக் காட்சி! யார் ஜெயித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அந்தச் சிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். மழை படாத பாறை ஓரத்துப் புழுதியைக் குனிந்து பாருங்கள். சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்னக் குழிகள் புனல் வடிவில் இருக்கும். அடியில் மணலுக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு குழியானை காத்திருக்கிறது. எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். எறும்பு மேலே ஏறப் பார்க்கும். குழியானை கீழிருந்து தலையால் மணலை வாரி வாரி அதன் மேல் எறியும். மணலோடு மணலாக எறும்பு சறுக்கி விழுந்ததும் இரண்டு கொடுக்குத் தாடைகள் பிடித்துக்கொள்ளும். ஒரு புல்நுனியை விட்டுக் கிளறி, பூச்சியை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். பின்னால்தான் நகரும், முன்னால் போகவே போகாது. பார்த்தபின் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், உடனே புதிதாகக் குழி தோண்டத் தொடங்கிவிடும். இது வளர்ந்தால் தட்டாரப்பூச்சியைப் போன்ற இறக்கைகளோடு இரவில் விளக்கைச் சுற்றும் பூச்சியாகிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் முதலில் நம்புவதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையான சிற்பத்துக்கு ஐந்து நிமிடமும் குழியானைக்கு முக்கால் மணி நேரமும் ஒதுக்குகிற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை.

இன்னும் தெம்பிருப்பவர்கள் பேச்சிப்பள்ளம் வரை போகலாம். கைப்பிடி போட்ட படிகள் இருக்கின்றன. ஒரு சுனையும் அதன் மேலே பாறையில் எட்டு உருவங்களும். பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் எனத் தீர்த்தங்கரர்களும் பிறரும் வரிசையாக இருக்க, கீழே வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் அவற்றைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இங்கே சமணப் பள்ளி நடந்தது. பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் அரசியின் பெயரால் எடுத்த மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் இன்னும் மேலே கிடக்கிறது. அதற்கும் மேலே மொட்டைப் பாறை. குடும்பத்தோடு வந்தவர்கள் சுனையோடு திரும்பிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

திரும்பும் வழியில் பாறையோந்திகளைத் தேடுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு முதுகு செம்மஞ்சளாகவும் பக்கங்கள் கறுப்பாகவும் நிறம் ஏறிவிடும். உயரமான கல்லில் ஏறி நின்று, உடற்பயிற்சிக்காரர் தண்டால் எடுப்பது போல உடம்பை ஏற்றி இறக்கும். இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. பெண்ணோ பாறையின் நிறத்திலேயே இருப்பதால், பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. முதலில் பெண்ணைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு கடலைமிட்டாய் என்று பந்தயம் கட்டுங்கள். ஆளுக்கொரு கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூடப் பாறையை உற்றுப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அடுத்தது அரிட்டாபட்டி. மேலூர் சாலையில் போய் உள்ளே திரும்ப வேண்டும், மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 250 வகைப் பறவைகள் என்று அந்த அறிவிப்பிலேயே கணக்கு இருக்கிறது. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இந்தப் பகுதி ஏலம் போனதும், ஊர்மக்கள் திரண்டு எதிர்த்ததும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு அரிட்டாபட்டியை வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் கூடியிருக்கிறது. வேடிக்கை பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் எதை என்று தெரிந்துகொண்டு பார்க்கலாம் அல்லவா?

அங்கே பிள்ளைகளோடு செய்வதற்கு எனக்குப் பிடித்த வேலை, தண்ணீரின் பின்னால் நடப்பது. மழை பாறையில் விழுகிறது. பாறை குடிக்காது. பள்ளங்களில் சுனையாகத் தேங்கியது போக மீதி வழிந்து ஓடையாகிக் கண்மாய்க்கு வருகிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மடை திறந்தால் வயல். பாறையில் தொடங்கி வயல்வரப்பு வரை இந்தப் பாதையைக் காலால் அளந்து வரலாம், ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் பாறைக்குழிகளில் தலைப்பிரட்டைகள் நெளியும். பாடப்புத்தகத்தில் படம் பார்த்த பிள்ளைகள், கால் முளைத்தும் வால் மறையாத ஒன்றை நேரில் பார்த்ததும் போடும் கூச்சலை அடக்க முடியாது.

ஆனால் கூச்சலை அடக்கியே ஆக வேண்டிய இடமும் அங்கே உண்டு. லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் இந்தக் குன்றுகளில் வாழ்கின்றன. செங்குத்தான பாறை விளிம்புகள் அவற்றுக்கு வீடு. பட்டாசு, ஒலிபெருக்கி, டிரோன் எதுவும் அங்கே வேண்டாம். தேவாங்கும், எறும்புதின்னியான அழுங்கும் இருக்கின்றன, இரண்டும் இரவில் உலவுபவை. பகலில் போகிற உங்கள் கண்ணில் படாது என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும் வழியெல்லாம் முகம் தொங்கும். கழிஞ்சமலைக் குகையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன, 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழி அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நான்கைந்து எழுத்தைக் கண்டுபிடித்துவிடும். பக்கத்திலேயே பாறையைக் குடைந்த சிவன் கோயில், அதையும் பார்த்துவிடலாம்.

இந்த மலைகளின் வரலாற்றை விவரம் தெரிந்தவர்கள் வாயால் கேட்க வேண்டும் என்றால், 2010 முதல் மதுரையில் இயங்கும் 'பசுமை நடை' குழுவினரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துகொள்ளுங்கள். யானைமலைக்கு ஆபத்து வந்தபோது பிறந்த முயற்சி அது. தொல்லியல் அறிஞர்கள் உடன் வந்து கல்வெட்டைப் படித்துக் காட்டுவார்கள். குழந்தைகளும் நிறைய வருவார்கள்.

அழகர்கோயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சித்திரையில் வைகையில் இறங்குகிறவர் மற்ற நாட்களில் இருக்கும் இடம். ஆனால் அங்கே போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர், கோயில், பழமுதிர்சோலை, நூபுரகங்கை எல்லாவற்றையும் வண்டியிலேயே முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்லும் யோசனை, வண்டியில் மேலே போங்கள், இறங்கும்போது நடங்கள். சாலை நல்ல சாலை, வழி முழுக்க மர நிழல், இறக்கம் என்பதால் சின்னக் கால்களும் அலுக்காது. மொட்டைப் பாறைகளாகப் பார்த்துப் பழகிய மதுரைக்காரர் கண்ணுக்கு இந்தச் சோலை வேறொரு ஊர். கோடையிலும் நடக்க முடிகிற பாதை இது ஒன்றுதான்.

குரங்குகள் மட்டும் கவனம். கையில் பாலித்தீன் பை தொங்கினால் அதற்குள் தின்பண்டம் இருக்கிறது என்பது அவற்றின் தீர்மானம். பிள்ளைகள் கையில் எதையும் கொடுக்காதீர்கள், எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு மூடிவிடுங்கள். குரங்குக்குத் தின்னக் கொடுக்கிற புண்ணியவான்களால்தான் இந்தத் தொல்லை. கீழே வந்து சேர்ந்ததும் அழகர்கோயில் தோசை. மிளகும் நெய்யுமாக, கனமாக, ஒன்றே இரண்டு பேருக்குக் காணும். நடந்து இறங்கியவர்களுக்கு அதன் ருசி கூடுதலாகத் தெரியும், இதை ஆய்வு செய்து நிரூபிக்க நான் தயார்.

மலையே வேண்டாம், வெறும் தரையில் நடக்கிறோம் என்பவர்களுக்குச் சாமநத்தம் கண்மாய். மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் இருந்தால் கரை மேல் நடந்தபடியே கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் அரிவாள்மூக்கனையும் பார்க்கலாம். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நகருக்குள் வண்டியூர் கண்மாயின் நடைபாதை வசதியானது.

இனி, கிளம்புவதற்கு முன் சில சொற்கள். ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். விடிந்ததும் நடக்கத் தொடங்கி, ஒன்பதரை மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் கல் சுடும், சித்திரை வைகாசியில் அதற்கும் முன்பே சுடும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி, வார் வைத்த செருப்பு அல்லது ஷூ. ரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும். கோயில் எல்லைக்குள் ஊர் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிடுங்கள். கல்லைப் புரட்டிப் பார்க்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், தேளும் சுருட்டைவிரியனும் கல்லுக்கு அடியில்தான் ஒண்டியிருக்கும். பாறை முகப்பில் மலைத்தேனீ கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகி நடக்க வேண்டும். புகை, கல்லெறி எதுவும் கூடாது. சிற்பங்களின் மேல் பெயர் கீறியிருப்பதைப் பார்த்துவிட்டு 'ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அந்தக் கை எழுதப் படிக்கத் தெரிந்த கை, அது மட்டும் நிச்சயம்.

மழை பெய்த மறுநாளே கிளம்பாதீர்கள். படிகளில் பாசி படிந்திருக்கும். நான்கு நாள் வெயில் காய்ந்த பிறகு போனால் சுனையிலும் தண்ணீர் இருக்கும், காலும் வழுக்காது. கீழக்குயில்குடியில் தொடங்குங்கள், அதுதான் பக்கம்.

நன்றி, வணக்கம்.