44 விநாடிக்கு மட்டும் வந்த துணிச்சல்

(பொங்கல் விழாப் பட்டிமன்றம், கென்டக்கி. தலைப்பு: கல்லூரிக் கூடைப்பந்தில் ஃபுல் கோர்ட் பிரஸ் மறைந்து வருவதற்குக் காரணம் ஆட்டத்தின் வளர்ச்சியா, பயிற்சியாளர்களின் பயமா? 'பயமே' அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், போனால் போகிறது.

ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கே மாட்டிக்கொண்ட பெரியவர்களுக்காக அரை நிமிடம். வழக்கமாக ஒரு அணி கூடையில் பந்தைப் போட்டதும் தன் பாதிக்குத் திரும்பி ஓடிக் காத்து நிற்கும். எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு சாவகாசமாக வருவான். பிரஸ் ஆடுகிறவன் திரும்பி ஓடமாட்டான். 94 அடி மைதானம் முழுக்க, பந்து உள்ளே வரும் இடத்திலேயே மறிப்பான். இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை மூலையில் மடக்குவார்கள். 10 விநாடிக்குள் அவன் நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்றால் பந்து கைமாறிவிடும். சரி, விளக்கம் முடிந்தது. இனி சண்டை.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "கல்யாணப் பந்தியில் இலை போட்டால், பரிமாறுகிறவர் வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் நாகரிகம். பிரஸ் ஆடுகிறவன் சமையல்கட்டுக்குள்ளேயே புகுந்து சாம்பார் வாளியைப் பிடுங்குகிறவன்." நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், நடுவர் அவர்களே. அதோடு விட்டாரா? "2015இல் வெஸ்ட் வர்ஜீனியா அப்படித்தான் வாளியைப் பிடுங்க வந்தது. நம்ம கென்டக்கி 78க்கு 39 என்று கையில் அடித்து அனுப்பியது" என்றார். கென்டக்கியில் நின்றுகொண்டு கென்டக்கியைப் புகழ்ந்தால் கைதட்டாமல் என்ன செய்வார்கள்? அதே வருஷம் இரண்டு ஆட்டம் தள்ளி விஸ்கான்சின் நமக்கு என்ன செய்தது என்பதைப் பேசலாம். பேசினால் எனக்கு இன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது. விட்டுவிடுகிறேன்.

ஆனால் வாளியை விடமாட்டேன்.

அண்ணே, நீங்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? இலை போடுவார்கள். தண்ணீர் தெளிப்பார்கள். அப்பளம் தீர்ந்துவிட்டது என்பார்கள். பாயசம் எங்கே என்று கேட்டால், முதல் பந்தியிலேயே காலி. கூடைப்பந்தில் முதல் பந்தி யாருக்கு? டியூக், கன்சாஸ், நம்ம கென்டக்கி. ஆறடி பத்தங்குலப் பையன்கள் எல்லாம் அந்த இலையில்தான் விழுவார்கள். கடைசிப் பந்தியில் இருக்கிறவன் விசியு என்கிற வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம், வெஸ்ட் வர்ஜீனியா. அவனையும் நாகரிகமாக உட்காரச் சொல்கிறீர்கள்! வயிறு நிறைந்தவர் நாகரிகம் பேசலாம். பசிக்கிறவன் எழுந்து வாளியைத் தேடித்தான் போவான்.

1964இல் லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் அப்படித்தான் எழுந்தது. ஜான் வுட்டன் பயிற்றுவித்த அந்த அணியில் தொடங்கி ஆடிய ஐவரில் ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேல் ஒருவர்கூட இல்லை. தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிரே டியூக். அங்கே ஆறடி பத்தங்குலத்தில் இரண்டு பேர். முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர் என்று 2-2-1 பிரஸ் போட்டார்கள். இடையில் டியூக்குக்கு ஒன்றும் கொடுக்காமல் வரிசையாக 16 புள்ளி. 98-83. அந்த வருஷம் ஆடிய 30 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். உயரமா ஜெயித்தது?

அப்புறம், கையில் அடிவாங்கிய வெஸ்ட் வர்ஜீனியா என்ன செய்தது? அதன் பயிற்சியாளர் பாப் ஹக்கின்ஸ் பிரஸ்ஸைப் பரணில் போட்டாரா? அடுத்த வருஷமும் அதே பிரஸ். 2017, 2018 இரண்டு வருஷமும் தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகளில் ஒன்று. ஊரே அந்த அணிக்கு 'பிரஸ் வர்ஜீனியா' என்று பெயர் வைத்தது. 39 புள்ளி வித்தியாசத்தில் தோற்றவருக்கே பயம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்ற பயிற்சியாளர்களுக்கு வந்துவிட்டது!

இப்போது கதைக்கு வருகிறேன். நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள்.

2016 மார்ச் 20, ஓக்லஹோமா சிட்டி, தேசியப் போட்டி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஒரு பக்கம், நார்தர்ன் அயோவா இன்னொரு பக்கம். ஆட்டம் முடிய 44 விநாடி இருக்கிறது. ஏ அண்ட் எம் 12 புள்ளி பின்னால். 44 விநாடி என்றால் எவ்வளவு? இந்த மைக்கை எனக்கு ஏற்றபடி இறக்க அதைவிட அதிக நேரம் ஆனது. டிவியில் பார்த்தவர்கள் அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார்கள். அரங்கத்தில் இருந்தவர்கள் கார் சாவியைத் தேடியிருப்பார்கள். அப்போதுதான் பிரஸ் போட்டார்கள். நார்தர்ன் அயோவா பையன் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. எறிய ஆள் இல்லை. இந்தப் பக்கம் பார்க்கிறான், கை மறிக்கிறது. அந்தப் பக்கம் பார்க்கிறான், இரண்டு கை மறிக்கிறது. எறிகிறான், பறிபோகிறது, கூடையில் விழுகிறது. மறுபடி எறிகிறான், மறுபடி பறிபோகிறது. கடைசியில் ஒரு முதலாண்டு மாணவன் கூடைக்கு அடியிலேயே பந்தைப் பிடுங்கிப் போட்டான். 71-71!

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி சொல்கிறேன். 44 விநாடி. 12 புள்ளி. அதற்குள் ஏ அண்ட் எம் எடுத்தது 14, கொடுத்தது 2. இரண்டு கூடுதல் நேரம் போய் 92-88 என்று ஜெயித்தது. கடைசி ஒரு நிமிடத்துக்குள் அவ்வளவு பெரிய பள்ளத்திலிருந்து கல்லூரி ஆட்டத்தில் அதற்கு முன்னால் யாரும் ஏறி வந்ததில்லை.

இப்போது என் கேள்வி. 44 விநாடி இருக்கும்போது வந்த துணிச்சல், 40 நிமிடம் இருக்கும்போது எங்கே போனது? தோல்வி நிச்சயம் என்றால் இன்றைக்கும் எல்லா அணியும் பிரஸ் போடுகிறது. அது வேலை செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரஸ் உடைந்து, கூடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சுலபமான லே-அப் விழுந்தால் கேமரா பயிற்சியாளர் முகத்தைக் காட்டும். பின்வாங்கி நின்று மெதுவாகத் தோற்றால், பையன் பந்தைச் சரியாகப் போடவில்லை என்று பேட்டி கொடுத்துவிடலாம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு எது வசதி?

அந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு. இரண்டு நாள் முன்னால் இதே நார்தர்ன் அயோவா, நடுக்கோட்டிலிருந்து கடைசி விநாடியில் எறிந்த பந்தால் டெக்சாஸ் என்ற வேறொரு அணியை வீழ்த்தியிருந்தது. டெக்சாஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஷாக்கா ஸ்மார்ட். 2011இல் விசியுவை 'ஹாவாக்' என்ற பிரஸ்ஸோடு கடைசி நான்கு அணிகள் வரை கொண்டுபோனவர். டெக்சாஸுக்கு வந்ததும் அந்தப் பிரஸ் சுருங்கிவிட்டது. கடைசிப் பந்தியிலிருந்து முதல் பந்திக்கு இலை மாறியதும் அவருக்கும் நாகரிகம் வந்துவிட்டது, அண்ணே!

விதி மாறிவிட்டது என்றார்கள் எதிரணியினர். 2013இலிருந்து கையால் தடுத்தால் உடனே ஃபவுல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2015இல் ஷாட் கிளாக்கை, அதாவது ஒரு அணி கூடைக்கு எறிந்தாக வேண்டிய கெடுவை, 35 விநாடியிலிருந்து 30 ஆக்கினார்களே, அது யாருக்குச் சாதகம்? நடுக்கோடு வரவே எட்டு விநாடி போனால் முன்பு 27 மீதி இருக்கும். இப்போது 22தான். பிரஸ்ஸுக்கு லாபம். தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஆட்டம் பெருகிவிட்டது, உடைந்த பிரஸ்ஸுக்கு அபராதம் அதிகம் என்றார்கள். 1996இல் மூன்று புள்ளிக் கோடு இல்லையா? நம்ம லெக்சிங்டனில், கென்டக்கி பயிற்சியாளராக, ரிக் பிட்டினோ பிரஸ்ஸும் போட்டார், மூன்று புள்ளியும் எறிந்தார், கோப்பையும் கொண்டுவந்தார். பிறகு நம்ம பரம எதிரி லூயிவில்லுக்கும் போனார், அதை இங்கே பேச வேண்டாம். 2025இல் 72 வயதில் செயின்ட் ஜான்ஸ் அணியோடு பிக் ஈஸ்ட் லீக்கை ஜெயித்தார், அப்போதும் பிரஸ். பையன்கள் வருஷத்துக்கொரு கல்லூரி மாறுகிறார்கள், பிரஸ் பழக நேரமில்லை என்று எதிரணி அக்கா சொன்னார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால் வேகமாகக் கடந்து போகிறேன்.

பிரஸ் ஆட ஐந்து பேர் போதாது. ஒன்பது பேர், பத்துப் பேர் வேண்டும். மூச்சு வாங்கினால் அடுத்தவன் இறங்க வேண்டும். பிரஸ் போனதும் அந்த ஒன்பதாவது பையன் பெஞ்சிலேயே தங்கிவிட்டான். குளிர்காலத்தில் விடியுமுன் பிள்ளையை ஜிம்மில் இறக்கிவிட்டு, காரிலேயே காத்திருக்கும் அம்மாக்கள் இந்த அவையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உங்கள் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கொடுத்த ஆட்டம் அது.

கடைசியாக ஒருவர். நோலன் ரிச்சர்ட்சன். எல் பாசோவில் பாட்டி வளர்த்த பிள்ளை. 1985இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்தார். முதல் வருஷம் 12 வெற்றி, 16 தோல்வி. இவரை அனுப்புங்கள் என்று குரல்கள். வீட்டில் மகள் இவோனுக்கு ரத்தப் புற்றுநோய். 1987இல் அந்தக் குழந்தை போய்விட்டாள். 15 வயது. அந்த அப்பா மறுபடி மைதானத்தில் வந்து நின்றார். பின்வாங்கச் சொல்லவில்லை. 40 நிமிடமும் மறியுங்கள் என்றார். 'நாற்பது நிமிட நரகம்' என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். 1994இல் டியூக்கை 76-72 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்.

அண்ணே, ஆட்டம் வளர்ந்துவிட்டது, ஆபத்து அதிகம், பின்னால் போய் நில்லுங்கள் என்று அந்த அப்பாவிடம் போய்ச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா? தொகுப்புரையில் வேறு எதற்கும் பதில் வேண்டாம், இதற்கு மட்டும் சொல்லுங்கள். மணி அடிக்கிறது, அடிக்கட்டும். நன்றி, வணக்கம்.