வானில் நிற்கும் பந்து

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள். மூன்றிலும் முடியாவிட்டால், நான்காவதில் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடுவார்கள். அதுதான் பன்ட். தோல்வியை ஒப்புக்கொள்ளும் உதை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எதிரணி எங்கிருந்து ஆடத் தொடங்க வேண்டும் என்பதை இந்த ஒரு உதைதான் முடிவு செய்கிறது.

உதைப்பவர், பந்து வைக்கப்பட்டிருக்கும் ஆட்டக்கோட்டுக்குப் பதினைந்து யார்டு பின்னால் நிற்பார். கோட்டில் குனிந்து நிற்கும் சக ஆட்டக்காரர் தன் கால்களுக்கு நடுவே பின்னோக்கி எறியும் பந்து முக்கால் நொடியில் அவர் கைக்கு வர வேண்டும். அடுத்த ஒன்றேகால் நொடிக்குள் காலை விட்டுப் போயிருக்க வேண்டும். தாமதித்தால் பாய்ந்து வருபவர் கை குறுக்கே விழும். வலது காலால் உதைப்பவர் வலதில் சிற்றடி, இடதில் பேரடி, உடனே உதை என்று இரண்டே அடியில் முடிப்பது அதனால்தான்.

பெரும்பாலான பிழைகள் காலில் இல்லை, கையில்தான். பந்தின் தையல் மேலே இருக்கட்டும். மூக்கு, அதாவது பந்தின் கூர்மையான முன்முனை, சற்றே இடப்பக்கமும் சற்றே கீழும் பார்க்கட்டும். வலது இடுப்புக்கு நேர் முன்னே கையை நீட்டி, பந்தைத் தூக்கிப் போடாமல் கையை மட்டும் விலக்குங்கள். பிடித்திருந்த அதே சாய்வில், சுழலாமல் அது பாதத்தில் இறங்க வேண்டும். வெளியே தள்ளி விழுந்தால் பாதத்தின் ஓரத்தில் பட்டு, பக்கக்கோட்டைத் தாண்டி ஓடிவிடும். உயரத்திலிருந்து விட்டால் காற்று திருப்பிவிடும். எதிர்க்காற்றில் இன்னும் தாழ்வாக விட வேண்டும். கணுக்காலை இறுக்கி, விரல்களை நீட்டி, புறங்காலின் கெட்டியான எலும்பில் அடித்தால்தான் பந்து திருகிக்கொண்டு பறக்கும்.

எவ்வளவு தூரம் போனது என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 55 யார்டு போன பந்து நான்கே நொடியில் இறங்கினால், பிடித்தவர் 15 யார்டு திரும்பி ஓடிவிடலாம், மிச்சம் 40. நாலரை நொடி வானில் நின்ற 45 யார்டு உதையில், பிடிப்பவர் கையசைத்து 'ஓடவில்லை' என்று அறிவித்துத்தான் பிடிப்பார். 45ம் முழுசாக நிற்கும். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். விதிப்படி, பந்து உதைபடும் முன் ஆட்டக்கோட்டைத் தாண்டி ஓட இரு ஓரங்களிலும் உள்ள இருவருக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்கள் வந்துசேர அந்த அரை நொடி வேண்டும்.

இந்தக் கலைக்காகவே 1973இல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வின் முதல் சுற்றிலேயே ரே கை (Ray Guy) என்ற பன்ட் உதைப்பவரை ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி எடுத்தது. தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2014இல்தான். மிகத் தாமதம்!

நடுக்களத்திலிருந்து உதைக்கும்போது கணக்கே வேறு. எதிரணியின் 40 யார்டு கோட்டிலிருந்து உதைத்த பந்து கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள கோல் பகுதிக்குள் போய்விட்டால், எதிரணி ஆடத் தொடங்க அதை அவர்களின் 20 யார்டு கோட்டில் வைத்துவிடுவார்கள். 40 யார்டு உதைக்குப் பலன் 20 மட்டும். இங்கே உதவுவது ஆஸ்திரேலிய முறை. 1995இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கிய ஆஸ்திரேலியர் டேரன் பென்னட் அதைப் பரப்பினார். பந்தை நிமிர்த்திப் பிடித்து, கீழ்முனையில் உதைத்தால் அது பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டபடி பறக்கும். தரையில் பட்டதும் முன்னே உருளாமல் நிற்கும், சில சமயம் பின்னாலேயே எழும்பும். அதற்குள் ஓரத்து ஓட்டக்காரர் கோல் கோட்டுக்கு முன்னால் போய், களத்தைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்க வேண்டும். பந்தைத் தொடும்போது அவர் குதிகால் கோட்டில் பட்டாலும் போச்சு, மறுபடி 20தான்.