மூன்றரை மணி வரை பள்ளிக்கூடம்: மதியத்துக்கு மேல் அப்படி என்னதான் நடக்கிறது?

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே ஜெர்மனியில், எங்கள் டோர்ட்முண்ட் நகரத்தில் காலையிலிருந்து ஒரே தூறல். வெளியே போய்ப் படமெடுக்கலாம் என்றிருந்தேன், சரி வேண்டாம் என்று சமையலறையிலேயே கேமராவை வைத்துவிட்டேன். பின்னால் கிரைண்டர் ஓடுகிறது, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில் மகளுக்கு மூன்றரை மணி வரை பள்ளி என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். ஊரிலிருந்து பார்ப்பவர்கள், "இதில் என்ன இருக்கிறது அக்கா, நம் ஊரில் எல்லாப் பள்ளியும் நாலு மணி வரைதானே?" என்று கேட்டார்கள். ஜெர்மனியில் இருக்கும் நம் ஆட்கள் கேட்டது வேறு. "ஏன் கான்ஸ்டாக்ஷூலேயில் போட்டீர்கள்? ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் டியூஷனுக்கு அனுப்பலாமே?" என்று. கான்ஸ்டாக்ஷூலே என்றால் முழுநாள் பள்ளி.

முதலில் ஊர்க்காரர்களுக்கு. ஜெர்மனியில் பள்ளிக்கூடம் என்றால் பரம்பரையாகவே காலையோடு முடிந்துவிடும் சமாச்சாரம். எட்டு மணிக்குத் தொடங்கும், ஒரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. சாப்பாடும் வீட்டுப்பாடமும் அம்மா பொறுப்பு. அம்மா வேலைக்குப் போனால்? அம்மாவுக்கு ஜெர்மன் மொழியே தெரியாவிட்டால்? அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று ரொம்ப காலம் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு 2000ஆம் ஆண்டு, பல நாட்டுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிட்டுப் பார்க்கும் பீசா தேர்வு வந்தது. 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனில் ஜெர்மனிக்கு 484 புள்ளி, ஓஈசிடி என்ற வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் சராசரி 500. 2001 டிசம்பரில் முடிவு வெளியானபோது நாடே ஆடிப்போய்விட்டது. மதிப்பெண்ணைவிட அவமானமாக இருந்தது இன்னொரு விஷயம். பெற்றோரின் வசதியும் படிப்பும் பிள்ளையின் தலையெழுத்தை அவ்வளவு தூரம் தீர்மானிக்கிற நாடு இது என்று அந்த ஆய்வு காட்டிக்கொடுத்துவிட்டது. 2003ல் மத்திய அரசு முழுநாள் பள்ளிகளுக்காக 400 கோடி யூரோ ஒதுக்கியது. அந்தப் பணம் கட்டடத்துக்கும் தளவாடங்களுக்கும் மட்டும்தான், ஆசிரியர் சம்பளத்துக்கு இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குறை சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது பாருங்கள், இதுதான் அவளுடைய கால அட்டவணை. திங்கள், புதன், வியாழன் மூன்றரை வரை. செவ்வாயும் வெள்ளியும் ஒன்றேகாலுக்கே முடிந்துவிடும். வாரத்தில் குறைந்தது 3 நாள், நாளுக்கு குறைந்தது 7 மணி நேரம், அந்த நாட்களில் பள்ளியிலேயே மதியச் சாப்பாடு, இதெல்லாம் இருந்தால்தான் முழுநாள் பள்ளி என்று இங்குள்ள கல்வி அமைச்சர்கள் கூடி வரையறுத்திருக்கிறார்கள். பச்சை மார்க்கர் அடித்திருக்கும் கட்டங்களுக்குப் பெயர் லேர்ன்ட்சைட். வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே செய்து முடிக்கும் நேரம். எங்கள் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் எல்லாருக்கும் கட்டாயமான முழுநாள் பள்ளியென்றால், வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக இதுதான். பிரெஞ்சு வார்த்தைகளை மனப்பாடம் செய்வதும் பரீட்சைக்குப் படிப்பதும் மட்டும் வீட்டுக்கு வரும். இரவு ஒன்பது மணிக்கு மேசையில் உட்கார்ந்து பின்னக் கணக்குக்காகச் சண்டை போடுவது எங்கள் வீட்டில் இல்லை, அதற்காகவே இந்தப் பள்ளிக்கு ஒரு கும்பிடு.

மஞ்சள் கட்டம் ஆ-கே, அதாவது விருப்பக் குழு. ரோபோ செய்வது, நாடகம், சமையல், சைக்கிள் பழுது பார்ப்பது என்று வருஷத்துக்கு வருஷம் பட்டியல் மாறும். போன வருஷம் இவள் சைக்கிள் பட்டறையில் இருந்தாள். பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவதை எனக்கே கற்றுக்கொடுத்தாள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எட்டாம் வகுப்பைப் பற்றி. இந்த மாநிலத்தில் எல்லா வகைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பில் ஒரு நாள் திறனறியும் நாள் என்று வைக்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. படத்தில் இருக்கும் வளைவுக்குத் தகுந்தபடி கம்பியை வளைக்க வேண்டும், நாலு பேர் சேர்ந்து காகிதத்தில் கோபுரம் கட்ட வேண்டும், இப்படிப்பட்ட வேலைகள். ஓரமாக உட்கார்ந்து ஒருவர் குறிப்பெடுப்பார். அவர் பார்ப்பது கோபுரம் நிற்கிறதா என்பதை மட்டும் இல்லை. யார் மற்றவர் சொல்வதைக் கேட்கிறார்கள், சரிந்துவிட்டால் யார் மறுபடியும் முதலிலிருந்து கட்டத் தொடங்குகிறார்கள் என்றும் பார்ப்பார். பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார்கள், நாமும் போகலாம். "உங்கள் மகள் சின்னச் சின்ன வேலையில் அலுப்பே இல்லாமல் இருக்கிறாள்" என்று குறிப்பெடுத்த அம்மா சொன்னார். மதிப்பெண் அட்டையில் இத்தனை வருஷம் யாரும் இதை எழுதியதில்லை.

அடுத்தது மூன்று நாள், மூன்று வெவ்வேறு தொழிலிடங்களை எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். பேக்கரி, நகராட்சி அலுவலகம், மூக்குக்கண்ணாடிக் கடை என்று இவள் போனாள். ஒன்பதாம் வகுப்பில் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் பயிற்சி. இடத்தைப் பள்ளி பிடித்துத் தராது. பிள்ளையே போன் போட்டு, தன்விவரக் குறிப்பு எழுதி அனுப்பிக் கேட்க வேண்டும். அவள் போனில் திக்கித் திணறியதைப் பார்த்து அவள் அப்பா, "குடு, நானே பேசுகிறேன்" என்று எழுந்தார். உட்காருங்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தக் கண்ணாடிக் கடையிலேயே இடம் கிடைத்தது. லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவதைப் பற்றி ராத்திரிச் சாப்பாடு முழுக்கப் பேசினாள்.

இங்கேதான் நம் ஆட்களோடு எனக்குச் சண்டை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தபோது ஒரு அக்கா, "பிள்ளை கிம்னாசியமா?" என்று கேட்டார். கிம்னாசியம் என்றால் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்துப் படிக்க வைக்கும் பள்ளி. இல்லை, கெசாம்ட்ஷூலே என்றேன். எல்லா நிலைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி அது, 1969லிருந்து இந்த மாநிலத்தில் இருக்கிறது. அவர் முகம் போன போக்கு! மகளுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று சொன்ன மாதிரி, "பரவாயில்லை விடும்மா" என்றார்.

பரவாயில்லை என்று விட இதில் என்ன இருக்கிறது? பல்கலைக்கழகம் போவதற்கான அபிட்டூர் தேர்வை இங்கேயும் எழுதலாம். வேண்டாமென்றால் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியில் சுமார் 330 தொழில்களுக்கு அரசு அங்கீகரித்த பயிற்சி உண்டு. வாரத்தில் மூன்று நாலு நாள் நிறுவனத்தில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் படிப்பு, சம்பளமும் உண்டு. 2025ல் சேர்ந்தவர்களுக்கு முதல் வருஷம் சட்டப்படி குறைந்தபட்சம் மாதம் 682 யூரோ. கண்ணாடி வேலைக்கு 3 வருஷம். அதற்கு மேல் மைஸ்டர் என்கிற உயர்நிலைத் தொழில் தேர்வை முடித்தால் சொந்தக் கடை போடலாம், அந்தப் பட்டத்தை வைத்துப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். என்ஜினீயர் ஆகாத பிள்ளை தோற்றுவிட்டது என்கிற நினைப்பை நாம் ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, குறைகள். ஆள் பற்றாக்குறை. கட்டடத்துக்குத்தான் பணம் கொடுத்தார்கள், ஆளுக்கு இல்லை என்றேனே, அதனால் விருப்பக் குழு நடத்துபவர்களில் பாதிப் பேர் விளையாட்டுச் சங்கப் பயிற்சியாளர்கள், கல்லூரி மாணவர்கள். ஒருவருக்கு ஜுரம் வந்தால் அன்றைக்குக் குழு இல்லை, பிள்ளைகள் சும்மா மைதானத்தில் சுற்றும். முழுநாள் பள்ளிகளை 2005லிருந்து 2019 வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மதியம் உட்கார வைப்பதாலேயே மதிப்பெண் ஏறிவிடாது, நடத்தும் தரத்தைப் பொறுத்ததுதான் என்பதே அதிலும் வந்தது. பள்ளி கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், சைவம் என்றால் தக்காளி சாஸ் ஊற்றிய பாஸ்தா, மறுநாள் அதே பாஸ்தா வேறு வடிவத்தில். ஆனால் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசே அந்தச் செலவை முழுக்க ஏற்கிறது. பலர் விண்ணப்பிப்பதே இல்லை, பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம் பரதம், தமிழ் வகுப்பு எல்லாம் சனிக்கிழமையில் அடைபடுகின்றன. எங்கள் வீட்டில் சனிக்கிழமைதான் வாரத்திலேயே கனமான நாள்.

நாலாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலாம் வகுப்போடு தொடக்கப்பள்ளி முடிந்துவிடும். அடுத்து எந்த வகைப் பள்ளி என்று தொடக்கப்பள்ளி தரும் பரிந்துரை எங்கள் மாநிலத்தில் கட்டாயம் இல்லை, முடிவு பெற்றோர் கையில். கெசாம்ட்ஷூலேக்களில் பல இடங்களில் மற்ற பள்ளிகளுக்கு முன்பே சேர்க்கை நடந்துவிடும், அரையாண்டு மதிப்பெண் அட்டை வந்த கையோடு கிளம்புங்கள். அதற்கு முன்பு பள்ளியைத் திறந்து காட்டும் நாளில் போய்ப் பாருங்கள். அலங்காரம் பண்ணி வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். லேர்ன்ட்சைட்டில் உட்காருவது ஆசிரியரா, வேறு ஆளா? போன வருஷம் எத்தனை குழுக்கள் ரத்தாகின? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கெங்கே பயிற்சிக்குப் போனார்கள்? இதைக் கேளுங்கள். சுற்றிக் காட்ட மூத்த மாணவர்களை நிறுத்தியிருப்பார்கள், அவர்களிடம் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார்கள்.

மாவு அரைந்துவிட்டது போலிருக்கிறது. பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வீடியோவில் மகளையே பேச வைக்கிறேன், முகம் காட்ட மாட்டேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். வரட்டுமா?