காங்கோவின் பழைய தலைநகரம் காங்கோவிலேயே இல்லை!

வணக்கம் நண்பர்களே! காங்கோ என்ற பேரில் உலகத்தில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பேரைக் கொடுத்த ராஜ்ஜியத்தின் தலைநகரம் இரண்டிலுமே இல்லை, அது அங்கோலாவில் இருக்கிறது. ஊர் ம்பன்சா கொங்கோ, 2017இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

குழப்பம் வராமல் இருக்க, நாட்டைச் சொல்லும்போது காங்கோ, அந்த ராஜ்ஜியத்தின் இனத்தைச் சொல்லும்போது கொங்கோ என்று சொல்கிறேன்.

[திரையில் மூன்று சொற்கள்]

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு ஆள் என்றால் முகொங்கோ, பல பேர் என்றால் பகொங்கோ, அவர்கள் பேசும் மொழி கிகொங்கோ. வேர் அசையாமல் நிற்கிறது, முன்னால் இருக்கும் ஒரே எழுத்து மாறி ஆளா, கூட்டமா, மொழியா என்று சொல்லிவிடுகிறது! லூபா என்ற இன்னொரு இனத்திலும் இதே கதைதான்: முலூபா, பலூபா, மொழிக்குச் சிலூபா. அதனால் 'பகொங்கோக்கள்' என்று யாராவது எழுதினால் பன்மைக்கு மேல் பன்மை. சரி, கொங்கோ என்றால் என்ன? வேட்டைக்காரன் என்று சிலர் சொல்கிறார்கள், ஒன்றுகூடுவது என்று வேறு சிலர் சொல்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

வரலாறு வேகமாக: 1480களில் போர்த்துகீசியர் வந்தார்கள், பிற்பாடு பெல்ஜியம், பிரான்ஸ், போர்ச்சுகல் மூன்றும் கொங்கோ மண்ணைப் பிரித்துக்கொண்டன, 1960இல் இரண்டு காங்கோக்கள் விடுதலை பெற்றன, அதில் ஒன்று ஆகஸ்ட் 15 அன்று.

இப்போது கவனியுங்கள். கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோவில் மட்டும் 200க்கும் மேற்பட்ட இனங்கள். அங்கே இருக்கும் ஒரு முலூபா காங்கோ நாட்டவர், ஆனால் கொங்கோ இனம் இல்லை. அங்கோலாவில் பிறந்த முகொங்கோ கொங்கோ இனம், ஆனால் காங்கோ குடிமகன் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் 1971இல் இதே கின்ஷாசா காங்கோவின் அதிபர் மொபுட்டு, ஆப்பிரிக்க அடையாளம் வேண்டும் என்று நாட்டுக்கு ஜைர் என்று பேர் மாற்றினார், மக்கள் ஒரே நாளில் ஜைர்காரர்கள் ஆனார்கள். ஆனால் ஜைர் என்பதே, ஆற்றைக் குறிக்கும் ன்சாடி என்ற கிகொங்கோ சொல் போர்த்துகீசியர் வாயில் திரிந்த வடிவம்! மண்ணின் பேரை எடுத்துவிட்டு, வந்தவர்கள் சிதைத்த சொல்லை வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது, கமெண்டில் எழுதுங்கள். 1997இல் மொபுட்டு போனார், பழைய பேர் திரும்பியது.

இன்று ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் கின்ஷாசா, பிராசவில் என்று இரண்டு தலைநகரங்கள், இரண்டு பக்கத்தினரும் காங்கோ நாட்டவர்தான். அதனால்தான் காங்கோ கின்ஷாசா, காங்கோ பிராசவில் என்று தலைநகரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.