உங்கள் கிணற்றில் எவ்வளவு?

[காட்சி: தோட்டக் கிணறு. மோட்டார் இறைக்கிறது.]

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு இருக்கிறதே என்பீர்கள். அது மாரிக்கு மட்டும் ஓடும். அதனால் குடிக்கவும் குளிக்கவும் வெங்காயத்துக்கு இறைக்கவும் கிணறுதான். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், ஓட்டையும் வெடிப்புமான கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் மழையோடு அதற்குள் இறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்துவிடும்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

[காட்சி: கோப்புகள் அடுக்கிய அலுமாரி.]

அளப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அளந்த எண் யார் கைக்கு வருகிறது? திறந்த தரவு என்பது இதைத்தான் கேட்கிறது: பொதுப்பணத்தில் சேர்த்த தகவலை யாரும் எடுக்கலாம், கணினியில் போட்டுக் கணக்குப் பார்க்கலாம், அனுமதி கேட்காமல் பகிரலாம். ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப் ஒன்றைப் போட்டுவிட்டு "இணையத்தில் இருக்கிறதே" என்பது கண்ணாடி அலுமாரிக்குள் பலகாரத்தைப் பூட்டி வைத்த மாதிரி.

[காட்சி: வரைபடம். புள்ளிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

சரி, அட்டவணையாகவே கிடைத்தது என்று வையுங்கள். கிராம சேவகர் பிரிவின் ஜே இலக்கம், அளந்த திகதி, நைத்திரேற்று, உவர்ப்பு. அவ்வளவுதான், வீட்டுக்காரர் பெயர் தேவையில்லை, போடவும் கூடாது. பள்ளிக்கூடப் பெடியன் ஒருவனே அதை வரைபடமாக்கிவிடுவான். மாரிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். தண்ணீர் பவுசர் முதலில் எந்த ஒழுங்கைக்குப் போக வேண்டும், எங்கே பசளையைக் குறைக்க வேண்டும் என்று ஆதாரத்தோடு பேசலாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் தீர்ப்பு வந்தது. இப்படியொரு சிக்கலில் தண்ணீர் முன்பு எப்படி இருந்தது என்று காட்டப் பழைய அளவீடு கையில் இருக்க வேண்டும். பிறகு போய் அதை அளக்க முடியாது.

எண் இல்லாமல் இருப்பது எங்களுக்குப் புதிதுமல்ல. 1981 க்குப் பிறகு இங்கே அடுத்த முழுமையான குடித்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2012 இல்தான்.

[காட்சி: விண்ணப்பம் எழுதும் கை.]

வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இலங்கைப் பிரசை எவரும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எந்த வடிவில் வேண்டும் என்பதையும் நீங்களே குறிப்பிடலாம். அந்த இடத்தில் மறக்காமல் எழுதுங்கள்: "எக்செல் கோப்பாக."