காசிக்கும் வீசம் கூட

[காட்சி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணை. நாற்காலியில் ஆயா, கண்ணில் வி.ஆர். கருவி (வேறோர் இடத்தில் இருப்பதுபோலவே காட்டும் மெய்நிகர்க் கண்ணாடி).]

குரல்: இவர் எங்கள் ஆயா. முழங்கால் வலி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இப்போது காசியில் தசாஸ்வமேத படித்துறையில் இருக்கிறார். ஆரத்தியை ஒற்றிக்கொள்ளக் கை நீட்டுகிறார், பாருங்கள். விரல் போய் இடித்தது திண்ணைத் தூணில்!

[காட்சி: கருவியின் உள்பக்கம், இரண்டு லென்ஸ்.]

குரல்: பல லென்ஸ் உள்ள கேமராவைப் படித்துறையில் நிறுத்திச் சுற்றிலும் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டவைக்கிறார்கள். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே விலகிய இன்னொரு படம் காட்டினால், மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் கண்டுகொள்ளும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஆனால் எழுந்து நாலடி நடந்தால் கங்கை கிட்டே வராது. கேமரா நின்ற இடம்தான் உங்கள் இடம். படகிலிருந்து எடுத்த வீடியோ என்றால் தலையே சுற்றும். 'நகர்கிறோம்' என்கிறது கண், 'உட்கார்ந்துதானே இருக்கிறோம்' என்கிறது உடலின் அசைவை உணரும் உள்காது. அதனால் ஆயாவுக்கு 10 நிமிடம்தான்.

சரி, சுற்றுச்சூழலுக்கு லாபமா? கடலூரிலிருந்து காசி 2,000 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் போகவிருந்தவர் போகாமல் விட்டால் புகை நிஜமாகவே குறையும். ரயிலில் போகிறவரை நிறுத்தி அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. கருவி செய்யவும் சுரங்கம், தொழிற்சாலை, கப்பல் எல்லாம் வேண்டும். வாங்கி, இரண்டு தரம் பார்த்து, பீரோவில் பூட்டி வைத்தால் கணக்கு உதைக்கும். நூலகத்தில் ஒன்று வைத்துத் தெருவே பார்த்தால் பரவாயில்லை.

[காட்சி: மணிமுத்தாறு, விருத்தகிரீஸ்வரர் கோயில் கோபுரம்.]

குரல்: நம் ஆட்கள் இதற்குப் பழைய வழி ஒன்று வைத்திருந்தார்கள். காசி எட்டாதவர்கள் விருத்தாசலம் போனார்கள். அந்த ஊருக்கு விருத்தகாசி என்றே பெயர், 'காசிக்கும் வீசம் கூட' என்பார்கள். வீசம் என்றால் 16-ல் ஒரு பங்கு; காசியைவிட அவ்வளவு புண்ணியம் அதிகமாம். அப்பர் கதை இன்னும் ஒரு படி மேலே. கயிலைக்கு நடந்தார், தவழ்ந்தார், உருண்டார். கடைசியில் வடக்கே ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டாராம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் கரையேறியது எங்கள் ஊரில் என்பதால், இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். மன்னியுங்கள்.

[காட்சி: ஆயா கருவியைக் கழற்றுகிறார்.]

ஆயா: காசி நல்லாத்தான் இருந்துச்சு. துன்னூறு எங்கடா?

[காட்சி: விருத்தாசலம் பஸ். ஜன்னலோரம் ஆயா.]